செல்லின் அபாயச் சங்கை ஊதவைக்கும் வைரஸ்

உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கெடு 2030. அதற்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்கு 15 வயது முடிவதற்குள் ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35, 45 வயதுகளில் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்பது இலக்கு. கருப்பைவாய்ப் புற்றுநோயை இப்படி 'ஒழித்துவிடலாம்' என்கிறார்கள். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் 4 பேருக்கும் குறைவாக நோய் வந்தால் அவர்கள் கணக்கில் அது ஒழிப்பு. 2022 கணக்குப்படி இந்தியாவில் அந்த எண் சுமார் 18. அந்த ஓர் ஆண்டில் மட்டும் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசியை 'ஊக்குவிப்போம்' என்றார் ஒன்றிய நிதியமைச்சர். அந்த அறிவிப்பில் தேதியும் இல்லை, தொகையும் இல்லை.

வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, "இந்த ஊசி என் மகளின் டி.என்.ஏ.வை மாற்றிவிடாதா?" என்பது. ஊசியில் இருப்பது ஈஸ்ட் போன்ற செல்களில் தயாரித்த, வைரஸின் மேலோட்டுப் புரதம். உள்ளே வைரஸ் இல்லை. அது பெருகவும் செய்யாது. டி.என்.ஏ.வில் கைவைப்பது ஊசியல்ல, அது தடுக்கும் வைரஸ். அது எப்படிக் கைவைக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஹெச்.பி.வி.யின் டி.என்.ஏ. ஒரு சிறிய வளையம்; ஏறத்தாழ 8,000 கார இணைகள். நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி அதனிடம் கிடையாது. செல்லுடையதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கருப்பைவாய்ப் படலத்தில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக அடியடுக்குச் செல்லுக்குள் நுழையும் அது, செல் பிரியும்போதெல்லாம் தானும் நகலாகிக் கொஞ்சம் பிரதிகளோடு அடங்கிக் கிடக்கும். சிக்கல் பிறகுதான். செல் மேலடுக்குக்கு நகர நகரப் பிரிவதை நிறுத்தி முதிர்ந்துவிடும்; நகலெடுக்கும் வேலையையும் முடித்துக்கொள்ளும். வைரஸ் ஆயிரக்கணக்கில் பெருகி உதிர வேண்டியதோ அந்த மேலடுக்கில்தான்.

செல் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது ஆர்.பி. என்ற புரதம். வைரஸின் ஈ7 புரதம் முதலில் அதைத் தீர்த்துக்கட்டுகிறது. ஓய்ந்த செல் மறுபடி நகலெடுக்கக் கிளம்புகிறது. தயாராக இல்லாத நேரத்தில் விரட்டப்படுவதால் அதன் டி.என்.ஏ. ஆங்காங்கே அறுபடுகிறது. அறுந்ததை உணரும் ஏ.டி.எம். புரதம் இரண்டு உத்தரவுகளை அனுப்பும். ஒன்று, பழுது நீக்கும் புரதங்களை வரவழைப்பது. மற்றது, பி53 புரதத்தை எழுப்புவது. பழுது தீரும்வரை பிரிவை நிறுத்துவதும், தீராவிட்டால் அந்தச் செல்லைச் சாகச் செய்வதும் பி53-இன் பொறுப்பு.

அடினோவைரஸ் இந்த எச்சரிக்கையையே அடக்கிவிடும்; அறுந்த இடத்தை முதலில் கண்டுபிடிக்கும் புரதங்களை அழித்துவிடும். ஹெச்.பி.வி. அப்படிச் செய்வதில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கேரி மூடி, லைமோனிஸ் லைமின்ஸ் இருவரும் 2009இல் இதைக் காட்டினார்கள். முதிர்ந்த செல்லில் ஏ.டி.எம்.மைத் தடுத்தால் வைரஸ் டி.என்.ஏ. பெருகுவது நின்றுபோகிறது. அதாவது அபாயச் சங்கு ஊதினால்தான் அதற்குப் பிழைப்பு. அறுந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்ய, அதே போன்ற இன்னொரு பிரதியைப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அதற்கு வரும் பி.ஆர்.சி.ஏ.1, ராட்51 போன்ற புரதங்கள் வைரஸ் டி.என்.ஏ.வைச் சுற்றிக் குவிகின்றன. ஊரில் தீப்பிடித்ததென்று வந்த வண்டியின் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வதுபோல.

இரண்டாவது உத்தரவு என்ன ஆகிறது? ஈ6 புரதம், செல்லின் கழிவகற்றும் ஏற்பாட்டையே பயன்படுத்தி பி53-ஐ அழித்துவிடுகிறது. பழுது பார்ப்பவர்கள் வருகிறார்கள்; செல்லை நிறுத்தவோ சாகச் செய்யவோ ஆளில்லை. என்னைக் கலங்கவைப்பது இந்த இடம்தான். பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமே மறைந்துவிடும். மறையாமல் நீடித்தால், பழுதான டி.என்.ஏ.வோடு செல் பிரிந்துகொண்டே போகும். சில சமயம் வைரஸ் வளையமே அறுந்து, நம் குரோமோசோமின் வெட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈ6, ஈ7 இரண்டையும் கட்டுக்குள் வைத்திருக்கும் ஈ2 மரபணு அப்போது பெரும்பாலும் சிதைந்துபோகும். அங்கே தொடங்குகிறது புற்றுநோய். அந்தச் செல்லிலிருந்து புது வைரஸ் பிறக்காது. இதில் வைரஸுக்கும் ஆதாயம் இல்லை. தொற்றிலிருந்து புற்றுக்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஆந்திரத்தில் சிறுமிகள் இறந்தார்களே? அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா ஆகிய இடங்களில் சிறுமிகளுக்கு இந்த ஊசி போட்ட திட்டத்தில் 7 மரணங்கள். ஊசியோடு தொடர்பில்லை என்றது விசாரணை. ஆனால் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டதை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. அதில் பெற்றோருக்கு வந்த கோபம் நியாயமானது. அந்தக் கையெழுத்தை இனி எந்த அரசும் பெற்றோரிடமே வாங்க வேண்டும்.

எத்தனை டோஸ்? 9 முதல் 20 வயதுவரை ஒன்றே போதும் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2010இல் பாதியில் நின்ற வேறோர் இந்திய ஆய்வில் ஒரே டோஸ் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்ததும் அதற்கு ஆதாரம்.

தொற்று ஏற்கெனவே இருந்தால் ஊசி குணமாக்குமா? ஆக்காது.

பையன்களுக்கு? போடலாம், வைரஸ் அவர்களிடமும் உண்டு.

ஊசி போட்டவருக்குப் பரிசோதனை தேவையா? தேவை. நம் நாட்டில் தயாராகும் ஊசி குறிவைக்கும் ஹெச்.பி.வி. 16, 18 வகைகளால் வருவது சுமார் 70 சதவீதப் புற்றுநோய்; மீதி இருக்கிறது.

அந்தப் பரிசோதனை கடினமானதா? கருப்பைவாயில் வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பதுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் நடத்திய ஆய்வில் இந்தப் பரிசோதனை இறப்பை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் 'லான்செட்' வெளியிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, 30 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொண்டவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. 30 வயது கடந்த பெண்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.