பரங்கி வாள்: பிடி நம்முடையது, அலகு யாருடையது?

ஹனூரில் கடைக்காரரிடம் கன்னடத்தில் ‘பரங்கி ஹண்ணு’ கேட்டால் பப்பாளியை எடுத்துத் தருவார். அதே ஊரில் தமிழர் வீட்டுச் சமையலறையில் ‘பரங்கி’ என்றால் சாம்பாருக்கு நறுக்கும் காய். கடல் கடந்து வந்த பலவற்றுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர் பரங்கி. அப்படி வந்தவற்றுள் வாளும் ஒன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

1956 வரை கோவை மாவட்டத்தோடு இருந்த கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்தது ஹனூர். அங்கோ வேறெங்கோ, ஆயுத பூஜையன்று பரம்பரை வாளுக்குப் பொட்டு வைக்கும் வீடு உங்களுடையதானால், அதைச் சற்று உற்றுப் பாருங்கள்.

16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியக் கப்பல்களில் வாள் அலகுகள் இங்கு வந்திறங்கின. நம் கொல்லர்கள் அவற்றுக்கு நம் நாட்டுப் பிடி போட்டார்கள். வடக்கே இதை ‘பிரங்கி’ என்பர். உருக்குக்குப் பேர்போன நாட்டுக்கு இறக்குமதி எதற்கு? ஐரோப்பிய அலகு நீண்டது, நேரானது. வளைத்தால் முறியாமல் நிமிரும்.

இனி அடையாளங்கள். பிடியில் கையை மூடும் அகன்ற காப்பும், மேலே வட்டத் தட்டும், அதிலிருந்து நீளும் முளையும் இருந்தால் அது நம் வேலை. அலகின் அடிப்பகுதியை இருபுறமும் தகடு வைத்து ஆணியடித்து இறுக்கியிருப்பார்கள். அலகில் சீரான நீளப் பள்ளங்கள் ஓடுகின்றனவா? ஓடும் ஓநாய், பல் வைத்த பிறை, லத்தீன் எழுத்து தெரிகிறதா? ஓநாய் ஜெர்மனியின் பாசாவ், சோலிங்கன் நகரங்களின் முத்திரை. பிறை இத்தாலியின் ஜெனோவாவோடு சேர்த்துச் சொல்லப்படுவது.

ஆனால் முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. பாசாவ் ஓநாயைச் சோலிங்கன்காரர்களே தங்கள் அலகில் பொறித்தார்கள். நம் கொல்லர்களும் இந்த முத்திரைகளைப் பார்த்துப் பொறித்ததுண்டு. அலகில் நீரலை போன்ற வரி ஓடினால் அது பெரும்பாலும் கீழைநாட்டு உருக்கே.

இவ்வகை வாள் அரசர்களுக்கும் உகந்தது. 1875–76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கோலாப்பூர் அரசர் அளித்த வாளின் அலகில், ஏசுவின் பெயரைக் குறிக்கும் ‘ஐ.எச்.எஸ்.’ எழுத்துகள் உள்ளன. தஞ்சை அரண்மனை ஆயுதங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூஜைக்குப் பளபளக்க வேண்டுமென்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சாணையும் பிடிக்காதீர்கள். முத்திரை தேய்ந்தால் வாளின் ஊரும் பேரும் போய்விடும். மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். ‘வெள்ளைக்காரன் எழுத்து இருக்கிறது, இது நம்முடையதல்ல’ என்று பழைய இரும்புக்கும் போட்டுவிடாதீர்கள். 100 ஆண்டு கடந்திருந்தால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

அலகு அயலூர், பிடி நம்மூர். பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்றூரில் வேர்விட்ட நமக்கு, அந்த வாளைப் புரிந்துகொள்வது கடினமா என்ன?