உங்களுக்குத் தெரியுமா? நாதமும் சுங்குடியும் தேறலும்

மரியாச்சி சங்கீதத்திற்கும் கைவினைக்கும், அருகிலுள்ள தெக்கீலா ஊரின் மதுவிற்கும் கீர்த்தி பெற்ற மெக்ஸிக்கோவின் குவாதலஹாராவை நாடுவோர் பெறும் ஆனந்தத்தை, நம் மதுரையும் தன் வழியில் வழங்குகிறது. மீனாட்சியம்மன் ஆலயத்து வடக்குக் கோபுரத்தருகே, ஒவ்வொன்றும் ஒரே கருங்கல்லில் 22 சிறு தூண்களாகக் குடையப்பெற்று, தட்டினால் நாதம் எழுப்பும் இசைத்தூண்கள் ஐந்து உள்ளன; 1916-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஜனித்ததும் இந்நகரிலேயே.

கைவினையிலோ, மதுரையின் சௌராஷ்டிர சமூகத்தார் துணியைக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து உலர்த்தி, முடிச்சவிழ்க்கும் வேளையில் வெண்புள்ளிகள் நட்சத்திரங்களென வெளிப்படும் சுங்குடிச் சேலை, 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. அச்சிட்ட புள்ளிகளும் அப்பெயரிலேயே விலைபோவதால், முடிச்சின் சுருக்கத்தை விரலால் தொட்டறிந்து வாங்குவதே அக்கைகளுக்கு நாம் செய்யும் மரியாதை.

பானமோ புராதனமானது: யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகி மகிழ்ந்திருக்குமாறு புறநானூற்றின் 56-ஆம் பாடல் வாழ்த்துகிறது. இன்று மதுரை விளக்குத்தூண் பக்கம் கூட்டத்தை ஈர்ப்பது, சுண்டக் காய்ச்சிய பாலும் கடற்பாசியும் நன்னாரி சர்பத்தும் கலந்த ஜிகர்தண்டா.