ஊசி போட்டாச்சு, டெஸ்ட்டும் நெகட்டிவ்... அப்புறமும் ஏன் விமானத்தில் ஏற்றவில்லை?

2021-ம் ஆண்டில் வெளிநாட்டுக்குக் கிளம்பியவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் விசாரித்துப் பாருங்கள். விசா கிடைத்த கதையைவிட, தடுப்பூசிச் சான்றிதழும் கொரோனா பரிசோதனை முடிவும் சேர்த்த கதையைத்தான் நீளமாகச் சொல்வார்கள். இரண்டு டோஸ் போட்டவரும் நின்றார், நெகட்டிவ் ரிசல்ட்டைக் கையில் வைத்திருந்தவரும் நின்றார். ‘எல்லாம் சரியாத்தானே இருக்கு, அப்புறம் என்னங்க?’ என்று கவுன்டரில் கேட்டவர்களுக்கு அன்று பொறுமையாகப் பதில் சொல்ல ஆளில்லை. அந்தப் பதிலை இப்போது பார்ப்போம். இந்த விதிகளில் சில இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அடுத்த பெருந்தொற்று வந்தால் மற்றவையும் திரும்பி வரலாம்.

ஒரு நாடு தன் எல்லையில் போடக்கூடிய பூட்டுகள் மூன்றுதான்: பரிசோதனை, தடுப்பூசி, தனிமைப்படுத்தல். எந்த நாடு எதைப் போட்டது, எத்தனை நாளைக்குப் போட்டது என்பதில்தான் அத்தனை சண்டையும்.

ஒரே ஆளுக்கு இரண்டு டெஸ்ட்

பரிசோதனையிலிருந்து ஆரம்பிப்போம். இந்தியாவுக்கு வருகிறவர்கள் பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்திருக்க வேண்டும் என்ற விதி நீண்ட நாள் இருந்தது. முடிவை ‘ஏர் சுவிதா’ தளத்தில் பதிவேற்ற வேண்டும். இதில் உள்ள ஓட்டை எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து நெகட்டிவ் வந்தவருக்கு, செவ்வாய்க்கிழமை ரயிலிலோ புதன்கிழமை விமான நிலையத்திலோ தொற்று வரலாம். தொற்றிய முதல் ஓரிரு நாளில் எடுத்த டெஸ்ட்டில் வைரஸ் சிக்காமலும் போகலாம். அந்தக் காகிதம் சொல்வது மாதிரி எடுத்த அன்றைய நிலையை மட்டும்தான்.

இந்த ஓட்டையை அடைக்க ஐக்கிய அரபு அமீரகம் ஒரு வழி செய்தது. 2021 ஏப்ரல் கடைசியில் இந்தியாவிலிருந்து பயணிகள் வருவதை நிறுத்திய அந்த நாடு, ஆகஸ்ட் 5 முதல் விசா வைத்திருப்பவர்களைப் படிப்படியாக உள்ளே விட்டது. 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு கியூ.ஆர். கோடுடன் கையில் இருக்க வேண்டும். அது போதாதென்று, விமான நிலையத்திலேயே ரேபிட் பி.சி.ஆர். ஒன்றும் எடுக்க வேண்டும். முதலில் புறப்படுவதற்கு 4 மணி நேரத்துக்குள் என்றார்கள், பிறகு 6 மணி நேரமாக்கினார்கள்.

மருத்துவரீதியாகப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போகிறவர் யார் என்றும் பார்க்க வேண்டுமே! லீவுக்கு வந்து மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர், வேலை போய்விடுமோ என்று பயந்தவர், கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவர். ஊரில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ், விமான நிலையத்தில் எடுத்தது பாசிட்டிவ் என்று வந்தால் பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான். குணமாகி வாரக்கணக்கானவருக்கும் பி.சி.ஆரில் பாசிட்டிவ் வரலாம். உடம்பில் மிச்சமிருக்கும் வைரஸ் துணுக்கைக்கூட அந்த டெஸ்ட் பிடித்துவிடும், அவர் யாருக்கும் பரப்பும் நிலையில் இல்லாவிட்டாலும். ரேபிட் பி.சி.ஆர். கட்டணமும் சில ஆயிரம் ரூபாய். 2022 பிப்ரவரியில்தான் அமீரகம் அந்த விமான நிலைய டெஸ்ட்டைக் கைவிட்டது.

ஊசி ஒன்றுதான், சான்றிதழ்தான் வேறு

தடுப்பூசி விஷயத்தில் நடந்த வாதம் இன்னும் சுவாரசியமானது. 2021 அக்டோபர் 4 முதல் அமலாகும் புதிய பயண விதிகளை பிரிட்டன் அறிவித்தது. ஆஸ்ட்ராஜெனகா ஊசி போட்டவர்களுக்குச் சலுகை உண்டு. கோவிஷீல்டு என்பதே அந்த ஊசிதான், புனேயில் தயாரானது. இருந்தும் இந்தியாவில் அதைப் போட்டவர்கள், ‘தடுப்பூசி போடாதவர்’ கணக்கில் வந்தார்கள். போன பிறகு 2-ம் நாளும் 8-ம் நாளும் டெஸ்ட், 10 நாள் தனிமை.

எதிர்ப்பு கிளம்பியதும் கோவிஷீல்டின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்போதும் தனிமை நீங்கவில்லை! ‘ஊசியை ஏற்கிறோம், உங்கள் சான்றிதழை இன்னும் ஏற்கவில்லை’ என்பது அவர்கள் நிலை. அப்போது பேசப்பட்ட சிக்கல்களில் ஒன்று மிகச் சின்னது. நம் கோவின் சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இல்லை, வயதுதான் இருந்தது. பாஸ்போர்ட்டில் இருப்பதோ நாள், மாதம், வருடம். இரண்டையும் ஒப்பிட்டு ‘இவர்தான் அவர்’ என்று உறுதி செய்ய அதிகாரிக்கு வழியில்லை. வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பிறந்த தேதியைச் சேர்த்துக்கொள்ளும் வசதி கோவினில் பிறகு வந்தது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. அதே அக்டோபர் 4 முதல், பிரிட்டனிலிருந்து வரும் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு, ஊசி போட்டிருந்தாலும் சரி, அதே அளவு டெஸ்ட்டும் 10 நாள் தனிமையும் விதித்தது. ஒரே வாரம். அக்டோபர் 11 முதல் பிரிட்டன் இந்தியச் சான்றிதழை ஏற்றது, இந்தியாவும் தன் விதியைத் திரும்பப் பெற்றது. அந்த ஒரு வாரத்தில் வைரஸின் குணம் எதுவும் மாறிவிடவில்லை. நோய்த்தடுப்பு விதியாகத் தொடங்கியது, ‘நீ செய்தால் நானும் செய்வேன்’ என்ற இடத்துக்குப் போய் நின்றது. இடையில் சிக்கியவர்கள் செப்டம்பர், அக்டோபரில் கல்லூரி சேர வேண்டிய மாணவர்கள்.

கோவாக்சின் போட்டவர்கள் பட்ட பாடு இன்னும் நீளம். 2021 ஜனவரி 16 அன்று நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோதே கோவாக்சினும் போடப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் அது சேர்ந்தது நவம்பர் 3-ம் தேதி. ஏறத்தாழ பத்து மாதம்! அந்த இடைவெளியில் பல நாடுகள், ‘பட்டியலில் இல்லை, எனவே தடுப்பூசி போடவில்லை’ என்றே கணக்கெடுத்தன. ‘அப்படின்னா எனக்குக் கோவிஷீல்டும் போட்டு விடுங்க’ என்று கேட்டவர்களுக்கும் வழியில்லை, கோவினில் ஒருவருக்கு இரண்டு வகைப் பதிவு கிடையாது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. போதிய ஆய்வு இல்லாமல் மறுபடி ஊசி போடச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. அமெரிக்கா 2021 நவம்பர் 8 முதல் வெளிநாட்டவருக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியபோது, உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் உள்ளவற்றை ஏற்பதாகச் சொன்னது. ஐந்து நாள் முன்னதாக கோவாக்சின் அந்தப் பட்டியலில் சேர்ந்தது பலருக்குப் பெரிய நிம்மதி.

அதே உலக சுகாதார நிறுவனம் 2021 ஜனவரியில் நாடுகளுக்குச் சொன்ன அறிவுரை வேறு: தடுப்பூசிச் சான்றை நுழைவு நிபந்தனையாக்க வேண்டாம். காரணம், அன்று உலகில் பெரும்பாலானவர்களுக்கு ஊசியே கிடைக்கவில்லை. கிடைக்காத ஒன்றைக் காட்டச் சொன்னால் ஏழை நாட்டுக்காரருக்கு மட்டும் கதவு மூடும். ஆனால் தன் நாட்டு மருத்துவமனைகள் நிரம்பி வழிவதைப் பார்த்த அரசுகளிடம் இந்த வாதம் எடுபடவில்லை. அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. ஊசி போட்டவருக்கு நோய் முற்றும் வாய்ப்பு குறைவு என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. பரவலை அது எவ்வளவு தடுக்கும் என்பதில்தான் ஒமைக்ரான் வந்து கணக்கைக் கலைத்தது.

சொன்னவருக்கே தண்டனையா?

2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒரு புதிய உருமாற்றத்தைக் கண்டு உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொன்னது. இரண்டு நாளில் அதற்கு ‘ஒமைக்ரான்’ என்று பெயர். அதற்குள்ளாகவே பல நாடுகள் தென் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து விமானங்களை நிறுத்தத் தொடங்கின. ‘நேர்மையாகச் சொன்னதற்கு இதுதான் பரிசா? அடுத்த முறை எந்த நாடு முன்வந்து சொல்லும்?’ என்று அவர்கள் கேட்டது இன்றும் யோசிக்க வைக்கும் கேள்வி. தடை போட்ட நாடுகளிலும் ஒமைக்ரான் பரவியது. தடையால் கிடைத்தது சில நாள் அவகாசம் மட்டும்தான்.

இந்தியா முழுத் தடை போடாமல் நடுவழி எடுத்தது. டிசம்பர் 1 முதல் ‘அபாய நாடுகள்’ பட்டியலிலிருந்து வருபவர்களுக்கு விமான நிலையத்தில் டெஸ்ட், ரிசல்ட் வரும் வரை காத்திருப்பு, நெகட்டிவ் ஆனாலும் 7 நாள் வீட்டுத் தனிமை, 8-ம் நாள் மறு டெஸ்ட். மற்ற விமானங்களில் 2 சதவீதம் பேருக்கு மட்டும். சிங்கப்பூர் நவம்பர் 29 அன்றுதான் ஊசி போட்டவர்களுக்குத் தனிமையில்லாமல் சென்னையிலிருந்து தனி விமானங்களை அனுமதித்திருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, புதிய டிக்கெட் விற்பனையை நிறுத்திவைத்தது. விதி ராத்திரியில் மாறும், டிக்கெட் பணம் மாறாது!

தனிமைச் செலவு யார் தலையில் என்பதும் ஒரு வழக்குதான். 2020-ல் நாடு திரும்பியவர்கள் முதல் 7 நாள் அரசு குறித்த இடத்தில் சொந்தச் செலவில் தங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. உலகம் முழுக்கப் பல நாடுகளும் இப்படித்தான் செய்தன. ஆனால் 2005-ம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகளில் 40-வது பிரிவைப் படித்தால், குடியேற வருகிறவர்களைத் தவிர மற்ற பயணிகளிடம் பரிசோதனைக்கும் தனிமைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்றிருக்கிறது. எழுத்தில் இருந்தது, நடப்பில் இல்லை.

இன்றைக்கு என்ன இருக்கிறது?

ஏர் சுவிதா படிவக் கட்டாயம் 2022 நவம்பர் 22 அன்று நீக்கப்பட்டது. ஆனால் ‘கொரோனா விதி போயாச்சு, இனி எதுவும் வேணாம்’ என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதி அதற்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளுக்குப் போனால், அங்கிருந்து திரும்பும்போது இந்தியாவே அந்தச் சான்றைக் கேட்கும். அந்தக் காய்ச்சல் இங்கே இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. சான்று இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமை. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், எனவே கிளம்புவதற்கு முதல் நாள் ஓடிப் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் (2016 ஜூலை 11 முதல் இந்த மாற்றம், பழைய மஞ்சள் அட்டையில் ‘10 ஆண்டு’ என்றிருந்தாலும் சரி). அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. போகும்போது பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள்.

ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, அதுவும் சேருவதற்கு 10 நாளுக்கு முன்பே. போலியோ இன்னும் உள்ள நாடுகளுக்குப் போய் வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்துச் சான்று.

உங்கள் போனில் செய்து வைக்க வேண்டியது

நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி, இனிஷியல். ஆதாரில் ‘எஸ். முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் சுப்பிரமணியன்’. தடுப்பூசிச் சான்று ஆதாரைப் பார்த்து வந்தது, கவுன்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார். நமக்கு இரண்டும் ஒரே ஆள், வெளிநாட்டு அதிகாரிக்கு இரண்டு ஆள். கோவினில் பெயரைத் திருத்தவும் பாஸ்போர்ட் எண் சேர்க்கவும் வழி செய்தார்கள், ஆனால் திருத்தம் ஒருமுறைதான் என்ற நிபந்தனையோடு. அவசரத்தில் தப்பாகத் தட்டியவர்கள் பட்ட அவஸ்தை பெரிது. எனவே எந்தச் சுகாதாரச் சான்று வாங்கினாலும், ‘பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்’ என்று சொல்லி வாங்குங்கள். அங்கேயே நின்று எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

சான்றை டிஜிலாக்கரில் வைக்கலாம், கூடவே பி.டி.எஃப். ஆக போனிலும் சேமியுங்கள், ஒரு பிரின்ட்டும் எடுங்கள். வெளிநாட்டு விமான நிலையத்தில் நம் சிம்முக்கு ஓ.டி.பி. வராமல் போகலாம். சான்றிதழைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் வேண்டாம், அதில் உங்கள் விவரமும் கியூ.ஆர். கோடும் இருக்கின்றன. ‘டெஸ்ட் இல்லாமலே நெகட்டிவ் ரிப்போர்ட்’ என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் பதில்கூட அனுப்ப வேண்டாம். கோடை ஸ்கேன் செய்த நொடியில் குட்டு உடையும், வழக்கும் வரும்.

விதியை எங்கே பார்ப்பது? வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இல்லை. போகும் நாட்டுத் தூதரகத்தின் தளத்திலும் விமான நிறுவனத்தின் தளத்திலும் பாருங்கள். செக்-இன் கவுன்டரில் உள்ளவர் ‘டிமாட்டிக்’ என்ற சர்வதேசத் தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் உங்களை ஏற்றலாமா என்று முடிவு செய்வார், ஏஜென்ட் சொன்னது அங்கே செல்லாது. நடுவில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் சேர்த்துப் பாருங்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டிக்கெட் எடுக்கும் அன்று ஒருமுறை, கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஒருமுறை, வீட்டை விட்டு இறங்கும் அன்று ஒருமுறை. தடுப்பூசி பற்றிய மருத்துவச் சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணில் சுகாதாரத் துறை உதவி மையத்தை அழைக்கலாம்.