ஆயில் குறைந்தாலும் ஆபத்து... ஏறினாலும் ஆபத்து!

தூத்துக்குடி கரையோர விவசாயிகளின் கார், டிராக்டர், மோட்டாருக்கு ஒரு நிமிடச் சோதனை

‘டீசல் கார் வைத்திருக்கிறேன். சர்வீஸ் செய்து நான்கு மாதம் ஆகிறது. ஆயில் குறைந்திருக்குமோ என்று அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தேன். சர்வீஸில் விட்டுக்கொடுத்த அளவைவிட மேலே நிற்கிறது. ஆயில் குறையவில்லை என்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?’

ஏரல் பகுதி வாசகர் ஒருவரின் கேள்வி இது. பதில்: இல்லை. ஆயில் சம்ப் ஒன்றும் கிணறு அல்ல, தானாக ஊற்றெடுப்பதற்கு. இன்ஜினுக்குள் ஆயில் ஏறியிருக்கிறது என்றால், ஆயில் அல்லாத ஏதோ ஒன்று அதில் கலந்திருக்கிறது. அது டீசலாக இருக்கலாம், ரேடியேட்டர் தண்ணீராக இருக்கலாம், வெள்ள நீராகவும் இருக்கலாம். மூன்றுமே பேரிங்குக்கு எமன்.

ஆயில் குறைந்தால் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறினால் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. தாமிரபரணிக் கடைமடையில் இருப்பவர்கள் இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு நடந்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கம் வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது. தூத்துக்குடி நகரத்துக்குள்ளும் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. வீட்டு வாசலில் நின்ற காரும், கொட்டகையில் நின்ற டிராக்டரும், தார் ஏற்றும் லோடு வண்டியும் அந்தத் தண்ணீரில்தான் கிடந்தன.

தண்ணீர் வடிந்ததும் யாருக்குமே முதலில் தோன்றுவது, ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்பதுதான். அங்கேதான் தப்பு நடக்கிறது. மூழ்கிக் கிடந்த வண்டியில் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சாவியைத் திருப்பியதும் பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதும், கனெக்டிங் ராடு வளையும். சில வண்டிகளில் ராடு உடைந்து பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். சிலிண்டருக்குத் தப்பியிருந்தாலும், சம்ப்பில் ஆயிலோடு தண்ணீர் கலந்திருந்தால் பேரிங்குகள் வழுவழுப்பு இல்லாமல் உராய்ந்து தேயும். சாவியைத் தொடாமல் விட்டிருந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிப் பிழைத்திருக்கக்கூடிய இன்ஜின், அந்த ஒரு திருப்பலில் முழுதாகப் பிரித்துக் கட்டும் வேலைக்குப் போகிறது.

காப்பீட்டு விஷயமும் இதில்தான் சிக்குகிறது. வண்டி மூழ்கியதால் வந்த சேதம் வேறு. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு. இரண்டாவது வகையைச் சாதாரண முழுக் காப்பீட்டில் ஏற்க மறுப்பதுதான் வழக்கம். அதற்கென்று ‘இன்ஜின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பிரிவு தனியாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பாலிசியை எடுத்து, அது இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. வண்டி மூழ்கிவிட்டால், தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி போட்டோ எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அதன் பிறகு மற்ற வேலை.

மூழ்கிய வண்டியில் முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவது. அடுத்து அளவுக் குச்சியை இழுத்துப் பார்ப்பது. ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ, மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ சந்தேகமே வேண்டாம், உள்ளே தண்ணீர். சம்ப்பின் அடியில் உள்ள டிரெயின் நட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர்தான் வரும். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்பார்க் பிளக்கையோ, டீசலாக இருந்தால் இன்ஜெக்டரையோ கழற்றி இன்ஜினைச் சுற்றவிட்டு சிலிண்டரில் உள்ள நீரை வெளியேற்றுவது மெக்கானிக்கின் வேலை. புது ஆயில், புது ஃபில்டர் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அந்த ஆயிலையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில் விட வேண்டும். ஆயிலில் காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. கியர் பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவற்றின் காற்றுத் துளை வழியாகவும் தண்ணீர் புகும்.

ஏரல் வாசகரின் காரில் என்ன நடந்திருக்கும்?

அவர் கார் எந்த வெள்ளத்திலும் மூழ்கவில்லை. அப்படியானால் டீசல் கலப்பாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்த பிறகு விற்பனையான டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப் என்பார்கள். அது நிறைந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைத் தெளித்து, சூடேற்றி, கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நிற்காமல் ஓடும் நல்ல ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து கடைத்தெரு என்று நான்கைந்து கிலோமீட்டரிலேயே நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அந்தச் சுத்தம் பாதியில் நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்ப்புக்கு இறங்கும். ஆயில் அளவு ஏறும், ஆயில் நீர்த்துப்போகும்.

குச்சியில் உள்ள ஆயிலை மோந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக அடித்து, விரலில் தேய்த்தால் பிசுக்கே இல்லாமல் ஓடினால் கலப்புதான். ஆயிலை உடனே மாற்ற வேண்டும். அதன் பிறகு வாரம் ஒரு முறையாவது வண்டிக்கு நீண்ட ஓட்டம் கொடுங்கள். தூத்துக்குடி–திருநெல்வேலி நான்கு வழிச்சாலையில் ஒரு நடை சீராகப் போய் வந்தாலே போதும். டி.பி.எஃப் எச்சரிக்கை விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்தி அணைத்துவிடாமல், கையேட்டில் சொல்லியபடி ஓட்டி முடிக்க வேண்டும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த தனி வகை ஆயில் இருக்கிறது. டிராக்டருக்கு வாங்கி வைத்ததில் மீதி இருக்கிறதே என்று அதை ஊற்றினால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

டீசல் வாடை இல்லை, ஆனாலும் அளவு ஏறுகிறது, ரேடியேட்டர் டப்பாவில் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சந்தேகம் தீர ஒரு பழைய வழி உண்டு. தகரத் துண்டு ஒன்றை வெளியே வைத்து நன்றாகச் சூடாக்கி, குச்சியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் கடுகு போலப் பொரியும். கலக்காத ஆயில் சத்தமில்லாமல் பரவும். (வீட்டுத் தோசைக்கல்லை எடுத்துவிட வேண்டாம்!) மழைக்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்ணெய் மாதிரி கொஞ்சம் படிந்திருந்தால் பதற வேண்டியதில்லை. குறைந்த தூரம் ஓடும் வண்டியில் ஈரக்காற்று குளிர்ந்து அப்படிப் படியும். குச்சியில் உள்ள ஆயில் தெளிவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

குச்சி பொய் சொல்லும் இடங்கள்

அளவு பார்ப்பது லேசான வேலை. ஆனால் தப்பாகப் பார்ப்பது அதைவிட லேசு. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். வரப்போரம் சரிந்து நின்றாலோ, தேரி மணலில் ஒரு பக்கச் சக்கரம் புதைந்து நின்றாலோ ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். குச்சி காட்டும் கணக்கு தப்பு. இன்ஜினை அணைத்த உடனே பார்த்தால் பாதி ஆயில் மேலே ஹெட்டிலும் ஃபில்டரிலும் இருக்கும், குறைவாகக் காட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். சில கம்பெனிகள் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்கச் சொல்கின்றன. உங்கள் கையேடு சொல்வதே சரி. எதுவானாலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் பாருங்கள். அப்போதுதான் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

குச்சியை முதலில் இழுத்து, நூல் பிரியாத சுத்தமான துணியால் துடைத்து, அடிவரை மறுபடி செருகி எடுங்கள். முதல் இழுப்பில் தெரிவது கணக்கில்லை. இரண்டு பக்கமும் பார்த்து, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும்; மேல் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

பெரும்பாலான கார்களில் இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் சுமார் ஒரு லிட்டர்தான். சின்ன இன்ஜினில் அதைவிடக் குறைவு. ஆகவே கீழ்க் கோட்டில் நிற்கிறது என்று ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்த்துவிடக் கூடாது. கால் லிட்டர் ஊற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி நிரப்பினால் கிராங்க் ஆயிலில் அடித்து மோர் கடைவதுபோல் நுரைக்க வைக்கும். நுரையைப் பம்பால் சரியாகத் தள்ள முடியாது. ஆயில் நிறைய இருந்தும் பேரிங் காய்ந்துபோகும். சீல் வழியே கசிவு, நீலப் புகை எல்லாம் கூடவே வரும். அதிகமாக ஊற்றிவிட்டீர்களா? டிரெயின் நட்டைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். ‘ஓட ஓடக் குறைந்துவிடும்’ என்று விடாதீர்கள்.

கொஞ்சம் குறைவது நோயல்ல. சில நிறுவனங்களின் கையேடே 1,000 கி.மீ-க்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்கிறது. வழக்கமாகக் குறையும் அளவு திடீரென்று கூடினால்தான் மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலும் அளவைச் சொல்வதல்ல, அழுத்தம் போய்விட்டதைச் சொல்வது. அது எரிந்த பிறகு ‘அடுத்த ஊர் வரை’ என்று ஓட்டினால், அந்த ஊரில் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டியிருக்கும்.

உப்புக் காற்றும் காத்திருப்பும்

கடலோரத்தில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. பல வண்டிகளின் ஆயில் சம்ப் தகட்டால் ஆனது. உப்பளச் சாலையில் தெறிக்கும் உவர்நீர் அதன் அடியில் படிந்து, துரு ஏறி, ஊசித் துளை அளவில் கசிவு தொடங்கும். தரையில் சொட்டு விழுவதற்குள் ஓடும்போதே பாதி போயிருக்கும். உப்பு ஏற்றும் வண்டி, அளத்துக்குப் போய்வரும் கார் எல்லாவற்றுக்கும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் சம்ப்பின் அடியை விரலால் தட்டித் துருவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

துறைமுக வாசலிலும் எடைமேடையிலும் இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. சக்கரம் சுற்றாவிட்டாலும் ஆயில் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. டிராக்டரில் மணி மீட்டர் வைத்திருப்பது இதற்காகத்தான். அளத்தில் உவர்நீர் இறைக்கும் டீசல் மோட்டாருக்கு மீட்டரும் இல்லை. ஆகவே டீசல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் குச்சியையும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. டிராக்டரில் ஹைட்ராலிக் ஆயிலுக்கு வேறு குச்சி. பதற்றத்தில் ஒன்றுக்கு விடுவதை மற்றதுக்கு விட்டவர்கள் உண்டு.

வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளத்தில் இன்ஜின் பின்பக்கம் சாய்ந்தபடிதான் பொருத்தப்பட்டிருக்கும். மிதக்கும்போது ஒரு அளவும், கரையில் ஏற்றிவைத்திருக்கும்போது இன்னொரு அளவும் காட்டும். மிதக்கும் நிலையில் பார்த்ததையே கணக்கில் வையுங்கள். சங்கு குளிக்கப் போகும் வள்ளத்தில், கீழே இருப்பவருக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் ஓடுவதும் இன்ஜினால்தான். அங்கே ஆயில் இல்லாமல் இன்ஜின் நின்றால் போவது இன்ஜின் மட்டுமல்ல.

கறுப்பானால் மாற்ற வேண்டுமா?

வாசகர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு சந்தேகம் இது. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. கறுப்பு என்றால் அது வேலை செய்கிறது. நிறத்தைப் பார்த்து மாற்ற வேண்டாம். கையேட்டில் உள்ள கிலோமீட்டர், மணி, மாதம் இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது என்று 5டபிள்யூ-30 கேட்கும் புது பெட்ரோல் காருக்கு 20டபிள்யூ-40 ஊற்றுவதும் தப்பு. அந்த இன்ஜினில் ஆயில் போகும் இடுக்குகள் அவ்வளவு குறுகல்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ அளத்து ஓரத்திலோ கொட்டாதீர்கள். அங்கே விளைவது சாப்பாட்டு உப்பு. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, கழிவு ஆயில் எடுக்க அனுமதி பெற்றவர்களிடமோ, அவர்களுக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள்.