வடக்கே ஒரு காணி

வட நோர்வேயின் காட்டுக்குள் தன்னந்தனியாகப் போய்க் குடிசை போட்டவன் ஈசாக். மரத்தைச் சாய்த்து, கல்லைப் புரட்டி, உருளைக்கிழங்கு நட்டு, ஆடு மாடு பெருக்கி, பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே வேரூன்றிவிட்ட பிறகு ஒருநாள் அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து சேர்கிறார். பெயர் கெய்ஸ்லர். வீட்டைப் பார்க்கிறார், தொழுவத்தைப் பார்க்கிறார், எவ்வளவு நிலம் திருத்தியிருக்கிறாய் என்று விசாரிக்கிறார். இது அரசாங்கக் காணி என்ற சங்கதியையும் சொல்கிறார். ஈசாக்குக்கு அது உறைக்கவே நேரம் பிடிக்கிறது. வெட்டித் திருத்தியது நாம், ஆகவே நம்முடையது என்று இத்தனை காலமும் இருந்துவிட்டான்.

நுட் ஹாம்சன் 1917இல் எழுதிய நாவல் இது. 1920இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததே இதற்காகத்தான். க.நா. சுப்ரமண்யம் இதை ‘நிலவளம்’ என்று தமிழாக்கினார். வெளியூர் நாவல் என்றால் நம்மவர்கள் முதலில் பேசுவது பனியையும் நீண்ட இரவையும் பற்றித்தான். பதுளை, பசறை, ஹாலி-எல, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் பிறந்து வளர்ந்த வாசகருக்கு, கெய்ஸ்லர் வந்து இறங்கிய நிமிஷத்தில் பனியெல்லாம் மறந்துபோகும். ஏனென்றால் அந்தப் பேச்சின் முடிவில் ஈசாக்குக்கு உறுதி எழுத வழி பிறந்துவிடுகிறது. விலை குறைவு, தவணை முறையில் கட்டலாம், நிலத்துக்கு செல்லன்ரோ என்று ஒரு பெயரும் உண்டு. காட்டை வெட்டியவன் காணிக்காரனாகிறான்.

ஊவா மலைகளில் காட்டை வெட்டியவர்களுக்கு நேர்ந்தது வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட ஆளில்லாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற கணக்கில் துரைமார் வாங்கிக் கோப்பி போட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. கொஞ்ச காலத்தில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த சனங்கள் முதலில் கோப்பித் தூரையும் பிறகு தேயிலைத் தூரையும் நட்டார்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். அதற்கு முன்பே மலை முழுக்கத் திருத்தியாயிற்று. எவ்வளவு திருத்தினாய் என்று கேட்டு அவர்களிடம் எந்தக் கெய்ஸ்லரும் வரவில்லை. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது காணி என்ன, குடியுரிமையே கையைவிட்டுப் போனது.

குளிர் இந்த வாசகருக்குப் புதிதில்லை. விடியற்காலைப் பிரட்டுக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முன்னால் போகிறவரின் முதுகு தெரியாத மூடுபனியில் நடந்த பரம்பரை. ஆனாலும் பனி விழுந்து பார்த்ததில்லை. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுலை உச்சி 2,000 மீற்றரைத் தாண்டியும் அங்கே கிடைப்பது மழையும் முகிலுந்தான். நுவரெலியாப் பக்கத்தில் சில விடியல்களில் புல் வெளுத்திருக்கும், அதுதான் இந்த நாட்டில் அதிகபட்சம். ஆகவே நாவல்களில் வரும் வெண்பனியை அவர் கற்பனையில்தான் பார்க்க வேண்டும். அதற்கும் பெரிய சிரமப்படுவதில்லை. காணியும் கூலியும் வரும் இடங்களுக்கோ கற்பனையே வேண்டியதில்லை.

டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ இதற்கு இன்னொரு சாட்சி. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துக்காக ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த இந்தத் தடித்த புத்தகம், சோவியத் நூல்களுக்கே உரிய மலிவு விலையில் தமிழ் வாசகர்களிடம் வந்தது. குற்றவாளிகளோடு நெக்லூதவ் சைபீரியாவுக்குப் போகும் கடைசிப் பாகத்தைத்தான் பலரும் நினைவு வைத்திருப்பார்கள். தோட்டத்து வாசகர் நின்று படிப்பது அதற்கு முந்திய இடம். நெக்லூதவ் ஒரு நிலப்பிரபு. மனம் திருந்தியவன், குடியானவர்களைக் கூட்டிவைத்து, நிலத்தைக் குறைந்த குத்தகைக்கு உங்களுக்கே விட்டுவிடுகிறேன் என்கிறான். கும்பிட்டு ஆர்ப்பரிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறான். அவர்களோ முகம் கொடுக்காமல் நிற்கிறார்கள், குத்தகையை இன்னும் குறைக்கப் பேரம் பேசுகிறார்கள், இதில் என்ன சூது என்று கண்ணாலேயே கேட்டுக்கொள்கிறார்கள். நல்லது செய்ய வந்தவனுக்கு வருத்தமாகப் போய்விடுகிறது.

நகரத்து வாசகர் இங்கே நெக்லூதவுக்காகப் பரிதாபப்படலாம். லயத்துக்காரருக்குச் சிரிப்புத்தான் வரும். துரை தானாக இறங்கிவந்து சலுகை பேசினால் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது ஆறேழு தலைமுறையாகப் படித்த பாடம். அந்த ரஷ்யக் குடியானவர்களை அறியாமைக்காரர்கள் என்று யாராவது சொன்னால் அவர் விடமாட்டார்.

ஜாக் லண்டனையும் சொல்லாமல் போவது சரியில்லை. 1897இல், 21 வயதில், தங்கம் தேடி கனடாவின் வடமேற்கு மூலையான குளொண்டைக்குக்குப் போனவர், தங்கமில்லாமல் கதைகளோடு திரும்பினார். 1903இல் வந்த அவருடைய நாய்க் கதையை ‘கானகத்தின் குரல்’ என்று பெ. தூரன் தமிழில் தந்தார். வெயில் நாட்டில் வசதியாக வளர்ந்த பக் என்ற நாயைத் திருடி விற்று, தடியால் அடித்து வழிக்குக் கொண்டுவந்து, பனிச்சறுக்கு வண்டியில் பூட்டுகிறார்கள். ஆளைப் பிடித்துக் கப்பலேற்றி அதட்டி வேலை வாங்கிய கதை வீட்டுக்கு வீடு இருக்கும் இடத்தில் இது வெறும் நாய்க் கதையாக நிற்காது. ஆனாலும் ஹாம்சனோடு வைத்துப் பார்த்தால் லண்டனின் புத்தகம் ஓர் ஓட்டப்பந்தயம். படித்து முடித்துவிடலாம். ‘நிலவளம்’ மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கும், பேச்சையும் நீட்டும்.

அந்தப் பேச்சு அதிகம் சுற்றிவருவது ஈசாக்கின் மூத்த மகன் எலிசேயுஸைத்தான். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று பையனைப் பட்டணத்து அலுவலகத்தில் சேர்க்கிறார்கள். நல்ல உடுப்பும் குடையும் கைத்தடியுமாக வருகிறான். வயலில் குனிய முடிவதில்லை, பட்டணத்திலும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. தகப்பன் வாங்கிக்கொடுத்த கடையையும் நடத்தத் தெரியாமல், அமெரிக்காவுக்குப் போகிறேன் என்று கிளம்புகிறான். அதன்பின் திரும்பவில்லை. தம்பி சீவர்ட் காணியில் நிற்கிறான். ஹாம்சனின் பாசம் முழுக்கத் தம்பி பக்கம். அண்ணனை அவர் கொஞ்சம் இளக்காரமாகவே எழுதுகிறார்.

இங்கேதான் ஊவா வாசகர் நாவலாசிரியரோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. பதுளையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் இரவு ரயிலில் கடை வேலைக்குப் போகிற பையன்கள் எத்தனை பேர். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர். அவர்களை எலிசேயுஸ் என்று சொல்லிவிட முடியுமா? சீவர்ட் காணியில் நின்றான், காணி இருந்தது, நின்றான். பிறர் பெயரில் உள்ள மலையில், பிறர் பெயரில் உள்ள லயக்காம்பராவில், நாள் சம்பளத்துக்கு நிற்பதை மண்ணின்மேல் உள்ள பற்று என்று புகழ்வது எளிது, புகழ்கிறவர் வெளியில் இருக்கும்வரை. படித்து வெளியேறுவதே அங்கே ஒரு குடும்பம் எடுக்கும் துணிச்சலான முடிவு. மண்ணைவிட்டுப் போனவனைக் கேலி செய்யும் உரிமை மண்ணுக்கு உறுதி வைத்திருப்பவனுக்கே உண்டு என்று வாதிட்டால் ஹாம்சனுக்குப் பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உறுத்தும். ஈசாக் போய்ச் சேர்ந்த காடு ஆளில்லாக் காடா? அந்தப் பக்கத்தில் கலைமான் மேய்த்துத் திரிந்த சாமி மக்கள் நாவலில் வந்துபோகிறார்கள். திருட்டுக் கையர், சூனியக்காரர், வாசலில் நின்று பல்லிளிப்பவர் என்ற மாதிரியே வருகிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் ஒரு வரிகூட இல்லை. அந்நியர் என்று நூறாண்டுக்கு மேலாகச் சுட்டப்பட்ட ஒரு சமூகத்து வாசகர் இதைக் கவனிக்காமல் தாண்ட மாட்டார். கவனித்தால், தன் பாட்டன் வெட்டிய மலையின் கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடியானவர் தம்முடைய சேனையையும் மேய்ச்சல் காட்டையும் அதே 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில் இழந்ததையும் நினைக்க வேண்டிவரும். பறித்தவர் வேறு, வெட்டியவர் வேறு என்றாலும் இழப்பு இழப்புத்தான்.

ஹாம்சனின் பிற்கால அரசியலும் இதோடு ஒட்டி வருவது. நாஜிகள் நோர்வேயைப் பிடித்திருந்தபோது அவர்களை ஆதரித்தார். 1943இல் நோபல் பதக்கத்தை கோயபல்ஸுக்கே அனுப்பிவைத்தார். 1945 மே மாதம் ஹிட்லருக்கு இரங்கலும் எழுதினார். மண், உழவன், தூய வாழ்வு என்ற பேச்சு எந்தப் பக்கம் சரியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதற்காக ‘நிலவளம்’ படிக்கக்கூடாது என்று சொல்வாரும் உண்டு. படித்துச் சண்டை போடுவதே மேல்.

சரி, பதுளை வாசகருக்கு வடக்கு என்றால் நோர்வேயும் சைபீரியாவும் மட்டுந்தானா? 1970களில் அவருக்கு நிஜமாகவே ஒரு வடக்கு கிடைத்தது. இந்தியப் பத்திரிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்ட அந்தக் காலத்தில் வீரகேசரி நிறுவனம் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களைக் குறைந்த விலையில் வரிசையாக வெளியிட்டது. 1973இல் அந்த வரிசையில் வந்தது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்புக் குளம், காட்டையே வீடாகக் கொண்ட கதிராமன், அவன் மனைவி பதஞ்சலி, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆசிரியர் சுந்தரலிங்கம் ஆகியோரைச் சுற்றிய கதை. வன்னி விவசாயிகளை வெளியார் சுரண்டும் விதத்தைச் சொன்ன செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ 1977இல் வந்தது. இதே வீரகேசரி வரிசையில் 1974இல் வெளியானதுதான் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’. அவர் 1934இல் பிறந்ததோ ஹாலி-எலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில். வன்னியும் மலையகமும் ஒரே தாளில், ஒரே அச்சில், ஒரே கடையில் தொங்கின.

வன்னி நாவல்கள் கைமாறிய அதே ஆண்டுகளில் மலையிலிருந்து சனங்களும் வன்னிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறின. 1973, 74இல் பஞ்சம் வந்து லயங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977 வன்செயல் மிச்சத்தை முடித்துவைத்தது. வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்களைக் குடியமர்த்த காந்தியம் போன்ற அமைப்புகள் உதவின. போனவர்கள் மறுபடியும் காடு வெட்டினார்கள், இம்முறை தமக்காக. ஆனால் பலருக்கு உறுதி என்னவோ இழுபட்டது. யுத்தமும் அவர்கள் தலைமேல்தான் போனது. மலையிலேயே தங்கியவர்களுக்கு 2010களின் பிற்பகுதி வீடமைப்புத் திட்டங்களில் பேசப்பட்ட அளவு குடும்பத்துக்கு 7 பேர்ச். ஈசாக்கின் ஆட்டுத் தொழுவமும் உருளைக்கிழங்குப் பாத்தியும் அதற்குள் அடங்காது.

‘நிலக்கிளி’ எழுதிய பாலமனோகரன் பிற்பாடு டென்மார்க்கில் குடியேறினார். ஹாம்சன் வளர்ந்த ஹமரோய் வட நோர்வேயில் நூர்லாண்ட் மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கும் வடக்கே, பின்மார்க் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் 1980களின் பிற்பகுதியிலிருந்து வேலை செய்தவர்களில் ஈழத்தமிழர் கணிசமானவர்கள். பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தார், மலையகத்தார் குறைவு. அவர்களில் பலர் சில ஆண்டுகளில் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். எலிசேயுஸ் கிளம்பிய வழியும் தெற்குத்தான்.