புதுத் தொட்டியில் பழுப்புப் பாசி... பழி பாலாற்றுக்கா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தண்ணீரில் பழுப்பாக எது தெரிந்தாலும் சந்தேகம் தோல் ஆலைக் கழிவு மீதுதான் விழும். அதில் தப்பில்லை. இந்தக் கழிவு தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியிலும் இதே பிரச்னைக்காக மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. ஆனால், வீட்டில் புதிதாக வைத்த கடல் மீன் தொட்டியில், இரண்டு மூன்று வாரத்தில் மணல் மீதும் கண்ணாடியிலும் படியும் பழுப்புத் தூளுக்கு ஆலையைக் குறை சொல்ல முடியாது. கடலோர ஊர்களிலும் புதுத் தொட்டியில் இது வரத்தான் செய்யும்.

அதன் பெயர் டயாட்டம். ஒரே செல் கொண்ட பாசி. தன் ஓட்டை சிலிக்காவால் கட்டிக்கொள்ளும். புது மணலிலும் போர்வெல் தண்ணீரிலும் சிலிக்கா இருக்கிறது. விரலால் தேய்த்தால் மாவுபோல வந்துவிடும். சிலிக்கா குறைந்ததும் பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். மீனுக்கு இதனால் கெடுதல் இல்லை.

கெடுதல் செய்வது பதற்றம்தான். பாசியைக் கண்டதும் மணல், கல், ஃபில்டர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்துவிடுகிறார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தக் கல்லிலும் ஃபில்டரிலும்தான் இருக்கின்றன. அவை பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அவற்றைக் கொன்றுவிட்டு மீனை விட்டால், அம்மோனியாவே மீனைச் சாகடிக்கும். அதுவரை மீன் வாங்காமல், கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுக் காத்திருந்தால் பணம் மிச்சம்.

இன்னொரு தவறு இந்த வட்டாரத்துக்கே உரியது. 'எங்கள் கிணறே உப்புதானே, கடல் மீன் வளராதா?' என்ற கணக்கு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் மெக்னீசியம், கால்சியம் எல்லாம் ஓர் அளவில் கலந்திருக்கும். கிணற்று உப்பு அப்படி இருக்காது. தோலை ஊற வைக்கும்போது கழன்று வரும் உப்போ வெறும் சோடியம் குளோரைடு. கூடவே தோலின் அழுக்கும் சேர்ந்திருக்கும். பதனிடும் கழிவில் குரோமியமும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. விலை மலிவு என்று பழைய தோல் உப்பை வாங்கித் தொட்டியில் போடவே கூடாது.

மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பதுதான் வழி. வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் சிலவற்றில், ருசிக்காகப் போர்வெல் தண்ணீரில் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு இருக்கும். அதை மூடாவிட்டால் சிலிக்காவும் சேர்ந்தே வரும். மெம்பிரேன் பழசானாலும் இதே கதைதான். டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலூர் வெயிலில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்புநீர் ஊற்றாமல் வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

பாசி தின்னக் கடல் நத்தை வாங்குபவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பாசி தீர்ந்ததும் அவை பட்டினி கிடக்கும். பிறகு காய்ந்த கடற்பாசித் துண்டு போட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.