அடையாறு அலமாரியும் ஆவியுலக ஆய்வும்

சாமராஜநகர் மாவட்டத்திலுள்ள மாதேஸ்வரன் மலையில், முன்னோருக்குரிய மகாளய அமாவாசையன்று கர்நாடக மக்களோடு தமிழகப் பக்தர்களும் திரள்கின்றனர். மகாளய வழிபாடு இறந்தோரை நினைந்து நிறைவு கொள்கிறதே அன்றி, அவர்களிடம் மறுமொழி கேட்பதில்லை. மறுமொழி கேட்கும் முயற்சி, 1848இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில்லில் ஃபாக்ஸ் சகோதரியர் வீட்டில் எழுந்த தட்டல் ஒலிகளிலிருந்து இயக்கமாக வளர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் ஆறாத் துயரமே அதற்கு வலுவூட்டியது எனலாம்.

ஆவிகளின் செய்தியைத் தம் வழியே தருவதாகச் சொல்லும் 'மீடியம்' எனப்பட்ட இடையாளர்களைக் காண, 1874இல் வெர்மான்ட் மாநிலப் பண்ணை வீடொன்றுக்குச் சென்றபோது சந்தித்த ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும், மறுஆண்டு பிரம்மஞான சபையை நிறுவி, 1882இல் அதன் தலைமையகத்தைச் சென்னை அடையாற்றுக்கு மாற்றினர். இறந்தோரின் ஆன்மாக்கள் அல்ல, உயிரோடிருக்கும் மகாத்மாக்களே தமக்கு எழுதுவதாகப் பிளாவட்ஸ்கி கூறியது முக்கியமான வேறுபாடாகும்.

அக்கடிதங்கள் தோன்றிய, அடையாற்றுத் தலைமையகத்து அலமாரி வஞ்சகமாக அமைக்கப்பட்டது என்று, அங்கே பணிபுரிந்த எம்மா கூலோம் 1884இல் குற்றஞ்சாட்ட, சென்னை கிறித்தவக் கல்லூரி இதழ் அவர் தந்த கடிதங்களை வெளியிட்டது. இலண்டன் ஆவியுலக ஆய்வுக் கழகம் அனுப்பிய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் நேரில் ஆராய்ந்து எழுதி, 1885இல் வெளியான அறிக்கை, பிளாவட்ஸ்கியை மோசடிக்காரர் என்றது; ஆனால் அந்த அறிக்கையே ஒருதலைச் சார்புடையது என்று, ஆவணப் போலிகளை ஆராயும் வல்லுநர் வெர்னன் ஹாரிசன், 1986இல் அக்கழகத்தின் இதழிலேயே வாதிட்டார்.